விழுந்த உயரம்

ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பொன்றில்
விபத்துக் கணக்கு எழுதுகிறவன் நான்.
ஏணியிலிருந்து விழுந்தால்
எல்லாரும் எழுந்து ஓடுவோம்.
மெஷினில் கை மாட்டினால்
முதலாளியே காரை எடுப்பார்.
அமுலு விழுந்தது தரையில்.
தரையிலிருந்து
தரைக்கு.

முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.
"பல்லி மாதிரி ஒட்டிக்கினு கீறா பாரு"
என்றான் ஸ்ப்ரே மெஷின் தணிகாசலம்.
அவளும் சிரித்தாள்.
முட்டிக்கு மேலேறிய சேலையை
இழுத்துவிட்ட பிறகுதான்
இடுப்பைத் தொட்டாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.

என்னா வழுக்கிச்சு,
படிவத்துக்காகக் கேட்டேன்.
தெரியல சார்.
தண்ணியோ, எண்ணெயோ, ஜவ்வோ,
தோளில் தூக்கிவந்த வெட்புளூவிலிருந்து
அவளுக்கு முன்னாலேயே வடிந்து
அவளுக்காகக் காத்திருந்ததோ.
பாலாற்றில் குனிந்து தேடினாலும்
கால் நனையத் தண்ணீர் கிடையாது.
எங்கள் ஷாப்புத் தரை மட்டும்
மாசி பங்குனியிலும் காய்ந்ததில்லை.

மஞ்சள் பலகை ஒன்று இருக்கிறது,
ஒரு மனிதன் வழுக்கி விழும் படத்தோடு.
வெளிநாட்டு ஆட்கள் ஷாப்பைப் பார்க்க வரும் நாளில்
வாசலருகே நிற்கும்.
மற்ற நாளெல்லாம் ஸ்டோர் ரூமில்
கவர் பிரிக்காமல்
அவன் விழுந்துகொண்டேயிருக்கிறான்.

ஈஎஸ்ஐக்கு அனுப்ப
கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.
பெயர். வயது நாற்பத்தி மூன்று. ஊர் வாலாஜா.
இடுப்பு எலும்பின் கழுத்தில் விரிசல்.
அடுத்த கட்டம்:
விழுந்த உயரம், அடிக்கணக்கில்.
பூஜ்யம் அடித்தேன்.
சிவப்பு எழுத்து வந்தது:
சரியான எண்ணை நிரப்பவும்.
வெறுமனே விட்டேன்.
கட்டாயம் நிரப்பவும்.
அரை அங்குலம் என்று பார்த்தேன்,
வாய்க்கால் மூடி அவ்வளவுதான் தூக்கியிருக்கிறது.
அடியைத்தான் அது கேட்டது.

தோலென்றால் எங்களுக்கு அளக்கத் தெரியும்.
வாலோரம் கால் அடி போனாலும்
மெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.
அமுலுவின் உயரம் எந்த ஃபைலிலும் இல்லை.
வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.
அவள் மகள் சிவசங்கரி எடுத்தாள்.
அம்மா எவ்ளோ உயரம்மா?
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எதுக்கு சார் கேக்குறீங்க?"
பயந்துவிட்டாள் போல.
ஒன்றுமில்லை, படிவத்துக்கு என்றேன்.
படுத்திருக்கிறவளை எப்படி அளப்பது என்று
நர்ஸிடம் கேட்கும் குரல் கேட்டது.
நாலு அடி பத்து அங்குலம்.

விழுந்த உயரம்: 4.10
என்று அடித்தேன்.
கணக்குப்படி அது தப்பு, தெரியும்.
கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

காரணம் என்ற கட்டத்தில்
முதலாவதாகத் தொங்கியது "கவனக்குறைவு".
ஒவ்வொரு முறையும் அதைத்தான் அமுக்கியிருக்கிறேன்.
இந்த முறை கீழே இறங்கிப் பார்த்தேன்.
காலணி பொருந்தாமை என்றும் ஒன்று இருக்கிறது,
இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது.

அமுலுவுக்கு அஞ்சாம் நம்பர் கால்.
ரப்பர் பூட்ஸ் எட்டு.
மொத்தமாக எட்டாம் நம்பரே எடுத்தால்
ஜோடிக்கு நாற்பது ரூபாய் குறையும் என்று
கணக்குப் போட்டுக் காட்டியது நான்.
பில்லில் இருப்பதும் என் கையெழுத்து.
விரல் பக்கம் பழைய ஜாக்கெட் துணியை
உருண்டை பண்ணித் திணித்திருந்தாள்.
கழற்றும்போது
அந்தத் துணிதான் முதலில் வெளியே வந்தது,
இன்னும் ஈரமாக.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.
இன்னாய்யா இன்னும் அனுப்பலையா?
எதை அமுக்கினேன் என்று
இங்கே எழுதப்போவதில்லை.

இன்று காலை ஷிஃப்டில்
அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு போகிறாள்
புதிதாகச் சேர்ந்த நவநீதம்.
கால் முன்னே போக
பூட்ஸ் கொஞ்சம் தாமதித்து வருகிறது.
டொப்.
டொப்.
பேனாவை வைத்துவிட்டு
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.